ஒலிபெருக்கிக்கு ஏற்ற வலு

இசை கேட்பதற்கென்று சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, ஒலிக் கருவி வாங்கக் கடைத்தெருவுக்குச் செல்பவரை எதிர்கொள்ளும் முதற் சொல் ‘வாற்று’ என்பதாகும். இந்தக் கருவி 50 வாற்று, அந்தக் கருவி 100 வாற்று, அதோ அப்பால் இருப்பது 400 வாற்று என்று எண்ணும் விலையும் ஒருங்கே ஏறிச் செல்லும். எண் பெரிதாயின் இசையும் சிறப்பாகும் என்று கருதுவது மனித இயல்பு. அவ்வியல்பை நன்கறிந்த வணிகர் சிலர், “ஒரு கருவி போதாது, அதே போன்ற இன்னொன்றையும் வாங்கி, ஒவ்வொன்றையும் பாலமாகத் தொடுத்துவிட்டால் வலு நான்கு மடங்காகும்” என்று அறிவுரை கூறுவதும் உண்டு. நான்கு மடங்கு என்ற சொல் செவிக்கு இனியது. அது எவ்வளவு தூரம் உண்மை, எந்த இடத்தில் பயன் தரும், எந்த இடத்தில் கேடாய் முடியும் என்பவற்றை ஆராய்ந்து தெளிவது, பணத்தையும் கருவியையும் ஒருங்கே காக்கும்.

முதலிற் சில சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் நன்று. வானொலியிலிருந்தோ இசைத்தட்டிலிருந்தோ வரும் மின் துடிப்பு மிகவும் நலிந்தது. அதனை வலிமைப்படுத்தும் கருவியைக் கடைக்காரர் அம்பிளிபயர் என்பர். நூல்கள் விரியலாக்கி என்னும். வலிமை பெற்ற துடிப்பை ஏற்று, தன் கூம்பை அசைத்துக் காற்றில் ஒலியாக மாற்றுவது ஒலிபெருக்கி. ஸ்பீக்கர் என்று வழங்குவது இதுவே. விரியலாக்கி ஒலிபெருக்கிக்கு அளிப்பவை இரண்டு. ஒன்று மின்னழுத்தம், அது வோல்ற்றில் அளக்கப்படும். மற்றது மின்னோட்டம், அது அம்பியரில் அளக்கப்படும். உயரத்தில் வைத்த தொட்டி நீரை எவ்வளவு விசையுடன் தள்ளுகிறது என்பதற்கு அழுத்தத்தையும், குழாய் வழியே எவ்வளவு நீர் பாய்கிறது என்பதற்கு ஓட்டத்தையும் ஒப்பிடலாம். இரண்டையும் பெருக்கி வருவதே வாற்றுக் கணக்கிலான வலு. ஒலிபெருக்கி ஓட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு தடங்கல் எனப்படும். அதன் அளவு ஓம். ஓம் எண் சிறிதாயின் குழாய் அகன்றது என்றும், பெரிதாயின் குழாய் ஒடுங்கியது என்றும் கொள்ளலாம். இந்த உவமையை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னர் வரும் கணக்குகள் அனைத்தும் எளிதாகும்.

மனிதனுக்குச் செவிகள் இரண்டு. ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை அவன் அறிவது, இரு செவிகளிலும் விழும் ஒலிகளுக்கு இடையிலுள்ள சிறு வேற்றுமையினாலாகும். இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டு, இரு வழிகளில் ஒலியைப் பதிந்து இரு வழிகளிலேயே மீளக் கேட்கும் முறையை, இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய அலன் புளும்லைன் என்னும் பொறியியலாளர் 1931ஆம் ஆண்டில் வகுத்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அம்முறையிலான இசைத்தட்டுகள் 1958ஆம் ஆண்டளவிற் கடைகளுக்கு வந்தன. அன்று தொட்டு, ஒரே பெட்டிக்குள் இடப்பக்கத்துக்கு ஒன்றும் வலப்பக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு விரியலாக்கிகளை அடக்கிய ஸ்டீரியோ விரியலாக்கி இல்லங்களில் இடம்பெறத் தொடங்கிற்று. இரு பக்கங்களுக்கும் மின்சாரம் வழங்கும் நிலைமாற்றி பெரும்பாலும் ஒன்றே. ஒரே கிணற்றிலிருந்து இரு தோட்டங்களுக்கு நீர் இறைப்பது போன்ற ஏற்பாடு இது.

பாலத் தொடுப்பு என்பது இந்த இரு பக்கங்களையும் ஒரே ஒலிபெருக்கியின் பணியில் ஈடுபடுத்துவதாகும். சாதாரண முறையில் ஒலிபெருக்கியின் இரு முனைகளுள் ஒன்று விரியலாக்கியின் சிவப்பு முனையிலும், மற்றது கறுப்பு முனையிலும் பொருத்தப்படும். பெரும்பாலான கருவிகளிற் கறுப்பு முனை அசையாது நிற்பது. மின்னழுத்தம் ஏறி இறங்குவதெல்லாம் சிவப்பு முனையிலேயே. பாலத் தொடுப்பிலோ, ஒலிபெருக்கியின் இரு முனைகளும் இரு பக்கங்களின் சிவப்பு முனைகளோடு இணைக்கப்படுகின்றன. ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் அதே அளவு இறங்குமாறு, ஒன்றன் துடிப்புத் தலைகீழாக்கப்படுகிறது. மரம் அரியும் தொழிலாளர் இருவர் இழுவாளின் இரு முனைகளையும் பற்றிக்கொண்டு, ஒருவர் இழுக்க மற்றவர் தள்ள வேலை செய்வதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நடுவில் நிற்கும் ஒலிபெருக்கிக்கு, ஒருவர் தனித்து அளிக்கும் அழுத்தத்தைப் போல இரு மடங்கு கிடைக்கிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் 50 வாற்று வழங்கும் ஸ்டீரியோ விரியலாக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்த வலுவை அளிக்கும்போது அதன் மின்னழுத்தம் 20 வோல்ற்று. மின்னோட்டம் இரண்டரை அம்பியர். 20ஐ இரண்டரையாற் பெருக்கினால் 50. பாலமாகத் தொடுத்தால் அழுத்தம் 40 வோல்ற்றாகிறது. அதே 8 ஓமுக்குள் 40 வோல்ற்று 5 அம்பியர் ஓட்டத்தைச் செலுத்தும். 40ஐ 5ஆற் பெருக்கினால் 200. வணிகர் கூறும் நான்கு மடங்கு இவ்வாறு பிறந்ததே. ஏட்டுக் கணக்கிற் பிழையில்லை.

ஆயினும், இழுவாளைப் பற்றியிருக்கும் ஒவ்வொருவரும் இப்போது எவ்வளவு பாரம் சுமக்கிறார் என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். முன்னர் ஒவ்வொரு பக்கமும் 20 வோல்ற்றில் இரண்டரை அம்பியர் வழங்கிற்று. இப்போதும் ஒவ்வொரு பக்கத்தின் அழுத்தமும் 20 வோல்ற்றுத்தான். ஆனால் அதன் வழியே ஓடுவது 5 அம்பியர். ஒரு பக்கத்தின் பார்வையில், எதிரே இருப்பது 8 ஓம் ஒலிபெருக்கி அன்று. 4 ஓம் ஒலிபெருக்கியே. பாலத் தொடுப்பின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு விதியில் அடங்கும்: ஒலிபெருக்கியின் தடங்கலிற் பாதியையே ஒவ்வொரு பக்கமும் காண்கிறது. 8 ஓம் ஒலிபெருக்கி 4 ஓமாகவும், 4 ஓம் ஒலிபெருக்கி 2 ஓமாகவும் தோன்றும். முன்னைய உவமையிற் கூறினால், தொட்டி அதே தொட்டி. குழாயின் வாய் மாத்திரம் இரு மடங்கு அகன்றுவிட்டது. கிணற்றில் அதற்கேற்ற நீர் உண்டா என்பதே வினா.

பல கருவிகளில் அவ்வளவு நீர் இருப்பதில்லை. நிலைமாற்றி தன் எல்லையை நெருங்கும்போது அழுத்தம் தளர்கிறது. திரான்சிற்றர்கள் வெம்மையால் வாடுகின்றன. காப்புச் சுற்று விழித்துக்கொண்டு இசையை இடைநடுவில் நிறுத்துகிறது. அல்லது உருகி எரிகிறது. ஆகவே பாலத் தொடுப்பில் உண்மையாகக் கிடைக்கும் வலுவை அறிய ஒரு நேரிய வழி உண்டு. அந்த விரியலாக்கி 4 ஓம் ஒலிபெருக்கிக்கு ஒரு பக்கத்திலிருந்து எத்தனை வாற்று வழங்கும் என்று கைநூலிற் பார்த்து, அதனை இரண்டாற் பெருக்கினால், பாலமாகத் தொடுக்கும்போது 8 ஓமில் எதிர்பார்க்கக்கூடியது அதுவே. மேலே கூறிய 50 வாற்றுக் கருவி 4 ஓமில் 80 வாற்று வழங்குமாயின், பாலத்திற் கிடைப்பது 160 வாற்று. அது 4 ஓமில் 60 மாத்திரமே வழங்குமாயின், கிடைப்பது 120. கைநூலில் 4 ஓம் பற்றிய பேச்சே இல்லையெனின், அக்கருவியைப் பாலமாகத் தொடுக்க முயலாதிருத்தலே அறிவுடைமை.

சரி, 50 வாற்று 150 வாற்றாயிற்று என்றே கொள்வோம். செவிக்கு அது என்னவாகத் தெரியும்? செவியின் கணக்கு வேறு. பணப்பையின் கணக்கு வேறு. ஒலியின் அளவை டெசிபெல் என்னும் அலகால் அளப்பர். வலு இரு மடங்கானால் ஒலி 3 டெசிபெல் மாத்திரம் உயரும். நான்கு மடங்கானால் 6 டெசிபெல் உயரும். கேட்பவர் ஒருவர் ‘ஒலி இரு மடங்காயிற்று’ என்று உணர்வதற்கு ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும். அதற்கு வலு பத்து மடங்காதல் வேண்டும். ஆகவே இரண்டாவது விரியலாக்கியின் முழு விலையையும் கொடுத்து, ஏட்டுக் கணக்கின்படி நான்கு மடங்கு வலுவைப் பெற்றவரும், இரு மடங்கு ஒலியைப் பெறவில்லை. நடைமுறையில் அவர் பெறுவது ஏறத்தாழ 4 அல்லது 5 டெசிபெல். அது தெளிவாகத் தெரியும் வேற்றுமைதான். ஆயினும் விலைக்கு ஈடானதா என்பதை அவரவர் தேவை கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

அந்தத் தேவையையும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். ஒலிபெருக்கியின் கைநூலில் அதன் உணர்திறன் குறிக்கப்பட்டிருக்கும். 1 வாற்று வலுவை அளித்து, 1 மீற்றர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபெல் என்பதே அது. 87 என்பது இல்லங்களிற் காணப்படும் சாதாரண எண். மூன்று மீற்றர் அப்பால் அமர்ந்து கேட்பவருக்கு, சுவர்களிற் பட்டு மீளும் ஒலியையும் சேர்த்துக்கொண்டால், ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும்; ஒலிபெருக்கிகள் இரண்டாகையால் 3 டெசிபெல் கூடும். ஆக, பக்கத்துக்கு 1 வாற்றுக்கு அவர் கேட்பது 84 டெசிபெல். இனிமையாகக் கேட்கும் அளவு சராசரி 75 டெசிபெல் எனக் கொண்டால், அதற்கு வேண்டியது 1 வாற்றில் எட்டில் ஒரு பங்கு. வியப்பாகத் தோன்றலாம், ஆயினும் உண்மை அதுவே. இல்லத்தில் இசை கேட்கும் நேரத்திற் பெரும் பகுதியில் விரியலாக்கி ஒரு வாற்றுக்கும் குறைவாகவே வழங்கிக்கொண்டிருக்கிறது.

எனினும் இசை சமநிலமன்று. அதற்கு மேடும் பள்ளமும் உண்டு. தவிலில் ஒரு தட்டு விழும்போதோ, மேனாட்டு இசைக்குழு முழுவதும் ஒருங்கே எழும்போதோ, ஒலி சராசரிக்கு மேல் 20 டெசிபெல் வரை தாவக்கூடும். 75இலிருந்து 95க்குத் தாவும் அந்தக் கணத்துக்கு வேண்டியது ஏறத்தாழ 12 அல்லது 13 வாற்று. 50 வாற்றுக் கருவி அந்த மேட்டையும் கடந்து, இன்னும் 6 டெசிபெல் கையிருப்பில் வைத்திருக்கும். சாதாரண அறையில், சாதாரண உணர்திறன் உள்ள ஒலிபெருக்கிகளோடு, நல்ல ஸ்டீரியோ விரியலாக்கி ஒன்றே போதும் என்று கூறுவதற்கு இதுவே காரணம்.

அவ்வாறாயின் பாலத் தொடுப்பு பயனற்ற வித்தையோ எனின், அன்று. அழுத்தம் போதாத இடத்தில் அதற்கு நிகரான வழி அரிது. மோட்டார் வாகனம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. எஞ்சின் ஓடும்போது வாகனத்தின் மின்கலத் தொகுதியிற் கிடைப்பது ஏறத்தாழ 14 வோல்ற்று. ஒரு பக்கம் மாத்திரம் இயங்கும் சுற்றில் துடிப்பின் உச்சம் அதிற் பாதிக்கு மேற் செல்லாது. 4 ஓம் ஒலிபெருக்கிக்குக் கிடைக்கும் தூய வலு 6 வாற்றைச் சற்றே தாண்டும். அதே 14 வோல்ற்றைப் பாலமாகத் தொடுத்தால், 20 வாற்றுக்கு மேற் பெற முடிகிறது. கிணற்றில் நீர் ஏராளமாக இருந்தும் தொட்டியை உயர்த்த வழியில்லாத நிலை அது. இரு முனைகளிலிருந்தும் இழுப்பதே பரிகாரம். அக்காரணத்தால் வாகன வானொலிகளின் உள்ளே இருக்கும் சிறு சில்லுகள் பெரும்பாலும் பாலமாகவே அமைக்கப்படுகின்றன. அவற்றின் முகப்பில் ‘50 வாற்று, நான்கு வழி’ என்று அச்சிட்டிருப்பதைக் காண்பவர், அது திரிபின்றி ஒலிக்கும் இசையின் வலு அன்று, துடிப்பின் முடி முழுவதும் வெட்டுண்டு சதுரமாகிய நிலையில் அளந்த எண் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பெரிய மண்டபங்களும் இன்னோர் எடுத்துக்காட்டு. நீண்ட கம்பிகள் வழியே பல ஒலிபெருக்கிகளுக்கு ஒலியைக் கொண்டு செல்லும்போது, கம்பியில் வீணாகும் வலுவைக் குறைப்பதற்காக 70 வோல்ற்று அல்லது 100 வோல்ற்று என்ற உயர் அழுத்தத்தில் அனுப்புவர். அத்தகைய அழுத்தத்தைப் பெறுவதற்கு வல்லமை மிக்க கருவிகளைப் பாலமாகத் தொடுப்பது பொறியியலாளர் கையாளும் வழி. அங்கே தடங்கல் பெரிது, ஓட்டம் சிறிது, அழுத்தமே வேண்டப்படுவது. பாலம் அங்கே தன் இயல்பான இடத்தில் இருக்கிறது.

வெற்றிடக் குழாய்கள் ஆட்சி செய்த காலத்தில் இல்லங்களுக்குரிய கருவிகளில் இந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. குழாய்க்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே ஒரு நிலைமாற்றி நின்று, 4, 8, 16 ஓம் என்ற வெவ்வேறு முனைகளை வழங்கிற்று. அமெரிக்காவின் மக்கின்ரோஷ் நிறுவனம் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட எம்.சி. 275 என்னும் கருவி பக்கத்துக்கு 75 வாற்று வழங்கிற்று. இரு பக்கங்களையும் ஒன்றுசேர்த்து 150 வாற்று ஒற்றைக் கருவியாகவும் அதனைப் பயன்படுத்தலாம். அங்கே இரு பக்கங்களும் பக்கத்துக்குப் பக்கமாக, ஒரே திசையிற் சேர்ந்து ஓட்டத்தைப் பங்கிட்டுக்கொண்டன. வலு இரு மடங்காயிற்று; நான்கு மடங்கு என்று எவரும் பேசவில்லை. திரான்சிற்றர் வந்து, இடையிலிருந்த நிலைமாற்றியை நீக்கிய பின்னரே, பாலத் தொடுப்பும் அதன் கவர்ச்சியான எண்களும் இல்லங்களுக்குள் நுழைந்தன.

இனி, உண்மையான ஒலிபெருக்கிகள் இரண்டைக் கொண்டு இக்கொள்கையைச் சோதித்துப் பார்ப்போம். முதலாவது, பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய பி.பி.சி. தன் பொறியியலாளரைக் கொண்டு 1970களில் உருவாக்கிய எல்.எஸ். 3/5ஏ என்னும் சிறிய கண்காணிப்பு ஒலிபெருக்கி. வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளிற் பெரிய பெட்டிகளுக்கு இடமில்லை. ஆயினும் ஒலிபரப்பாகும் குரல் இயல்பாக இருக்கிறதா என்று கேட்டறிதல் வேண்டும். அத்தேவைக்காகப் பிறந்த இப்பெட்டியின் உயரம் 30 சென்ரிமீற்றர் அளவே. இதன் வடிவமைப்பை விளக்கும் ஆராய்ச்சி அறிக்கையை பி.பி.சி. 1976ஆம் ஆண்டில் வெளியிட்டது. பின்னர் உரிமம் பெற்ற பல நிறுவனங்கள் இதனைச் செய்து விற்க, உலகெங்கும் இசை விரும்புவோர் இதனைத் தேடி வாங்கினர்.

இந்த ஒலிபெருக்கியின் முதல் வகைக்குத் தடங்கல் 15 ஓம். உணர்திறன் ஏறத்தாழ 83 டெசிபெல். அது குறைந்த எண். இவ்விரண்டையும் மாத்திரம் பார்ப்பவர், ‘தடங்கல் பெரிது, ஒலியோ குறைவு, பாலத் தொடுப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஒலிபெருக்கி உண்டோ’ என்று எண்ணிவிடுவார். விரியலாக்கியின் நிலையிலிருந்து பார்த்தால் அது சரியே. 15 ஓமிற் பாதி ஏழரை ஓம். எந்தக் கருவியும் அதனை எளிதிற் சுமக்கும். ஆயினும் மூன்றாவது எண் ஒன்று உண்டு. இச்சிறு ஒலிபெருக்கி தாங்கக்கூடிய வலு 25 வாற்று அளவே. மேற்கூறிய 50 வாற்று ஸ்டீரியோ விரியலாக்கியின் 20 வோல்ற்று, 15 ஓமில் 27 வாற்றை வழங்கும். ஏறத்தாழ அச்சொட்டான பொருத்தம். பாலமாகத் தொடுத்து 40 வோல்ற்றை அளித்தாலோ, 107 வாற்று பாயும். குருவியின் தலையிற் பனங்காயை வைத்த கதை அது. மெல்லிய கம்பியாற் சுற்றிய சுருள் கருகினால், பல்லாண்டுகளுக்கு முன் செய்த அந்தப் பொருளுக்கு மாற்று உறுப்புத் தேடுவதும் கடினம். விரியலாக்கி தாங்கும் என்பதனால் மட்டும் ஒலிபெருக்கியும் தாங்கும் என்று கொள்ளலாகாது.

இரண்டாவது, அதற்கு நேர் எதிரான ஒன்று. 1980களில் அமெரிக்காவின் அப்பொஜீ நிறுவனம் சிந்திலா என்னும் பெயரில் ஆளுயர ஒலிபெருக்கி ஒன்றை விற்றது. கூம்புக்குப் பதிலாக மெல்லிய உலோக நாடாக்களைக் கொண்டு ஒலி எழுப்பிய அதன் தடங்கல் 1 ஓம். பல சிறந்த விரியலாக்கிகளும் அதன் முன்னே தோற்றுப்போயின. அதற்குப் பாலத் தொடுப்பை அளித்தால், ஒவ்வொரு பக்கமும் காண்பது அரை ஓம். மின்சாரக் கம்பியைக் குறுக்கே இணைத்துவிட்டதற்கு அது பெரிதும் வேறானதன்று. நமது 40 வோல்ற்று அதனுள் 40 அம்பியர் ஓட்டத்தைச் செலுத்த முயலும். இல்லத்துக்குரிய சாதாரணக் கருவி எதனாலும் அது இயலாது. இத்தகைய ஒலிபெருக்கிக்கு வேண்டியது ஓட்டம் மிகுதியாக வழங்கவல்ல, தடித்த நிலைமாற்றியுடைய ஒரு விரியலாக்கி. ஓட்டம் போதாத நோய்க்கு அழுத்தத்தை மருந்தாகக் கொடுத்தால் நோய் முற்றும்.

கடைகளில் விற்கும் ஒலிபெருக்கிகள் இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்டவை. பெட்டியின் பின்புறத்தில் 8 ஓம் என்றோ 4 ஓம் என்றோ எழுதியிருக்கும். அது பெயரளவான எண். ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையாகிய மீடிறன் மாற மாற, தடங்கலும் மாறும். தாழ்ந்த சுருதியில் ஓரிடத்தில் 30 ஓமாக எழுந்து, அடுத்த இடத்தில் 6 ஓமாகத் தாழும். பெயரளவு எண்ணில் 80 நூற்றுவீதத்துக்குக் கீழே அது செல்லலாகாது என்று சர்வதேச நியமம் கூறுகிறது. அதன்படி 8 ஓம் ஒலிபெருக்கி எங்கும் 6.4 ஓமுக்குக் குறையலாகாது. நடைமுறையில் எல்லா உற்பத்தியாளரும் அந்நியமத்தைப் பேணுவதில்லை. 8 ஓம் என்று பெயர் தாங்கி, 4 ஓமுக்குத் தாழ்வனவும் உள. அவற்றைப் பாலத்தில் இணைத்தால் விரியலாக்கி காண்பது 2 ஓம். ஆதலால் வாங்குபவர் கேட்கவேண்டியது பெயரளவான தடங்கலை மாத்திரமன்று. மிகத் தாழ்ந்த தடங்கலையுமாகும்.

பாலத் தொடுப்பினால் ஒலியின் தரம் கெடுமா என்று சிலர் வினவுவர். இரு பக்கங்களும் தொடராக நிற்பதால் விரியலாக்கியின் உள்தடை இரு மடங்காகும். கூம்பை அடக்கி நிறுத்தும் ஆற்றல் ஏட்டளவிற் பாதியாகும். நல்ல திரான்சிற்றர்க் கருவியில் அந்த உள்தடை மிகச் சிறிது. ஒலிபெருக்கிச் சுருளின் தடையோடு ஒப்பிட அது பொருட்படுத்தத்தக்கதன்று. இரு பக்கங்களின் இரைச்சலும் சேர்வதால் பின்னணி இரைச்சல் சிறிது கூடும்; உணர்திறன் மிக்க ஒலிபெருக்கியில் அமைதியான இரவில் அது கேட்கலாம். மறுபுறத்தில், இரு பக்கங்களுக்கும் பொதுவான சில திரிபுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதும் உண்டு. ஆகவே தரம் பற்றிய வாதம் இரு திறத்தாருக்கும் பெரிய வெற்றியைத் தருவதன்று. தீர்ப்பு வழங்கவேண்டியது தடங்கல், வலு என்னும் கணக்கே.

தொடுக்கும் முறை பற்றியும் சில எச்சரிக்கைகள் அவசியம். எல்லா விரியலாக்கிகளும் பாலமாகத் தொடுக்கத் தக்கவை அல்ல. தக்க கருவியில் அதற்கென ஒரு விசையும், எந்த முனைகளைப் பயன்படுத்தவேண்டும் என்ற குறியும் பின்புறத்தில் இருக்கும். அவ்விசை இல்லாத கருவியின் இரு சிவப்பு முனைகளையும் தம் விருப்பப்படி இணைப்பது கருவியைப் பாழாக்கும் செயல். அன்றியும், இக்காலத்துச் சிறு கருவிகள் பல உள்ளேயே பாலமாக அமைந்தவை. அவற்றின் கறுப்பு முனையும் உயிருள்ளது. அதனைப் புவித்தொடுப்போடு இணைத்தாலோ, இன்னொரு பக்கத்தின் கறுப்பு முனையோடு சேர்த்தாலோ, நொடியில் தீங்கு நேரும். பாலமாகத் தொடுத்த கருவியின் முனைகளிலிருந்து, பொதுவான புவி முனையை எதிர்பார்க்கும் வேறு கருவிகளுக்குக் கம்பி இழுப்பதும் அத்தகையதே. கைநூலைப் படியாமல் முறுக்காணியைக் கையில் எடுப்பது, ஆழமறியாமற் காலை விடுவதற்கு ஒப்பாகும்.

வணிகர் காட்டும் எண்களை எவ்வாறு படிப்பது என்பதும் அறியத்தக்கது. 1960களில் அமெரிக்கச் சந்தையில் ஒரே கருவிக்குப் பல்வேறு வாற்று எண்கள் வழங்கின. கணநேர உச்சத்தை அளந்து, இரு பக்கங்களையும் கூட்டிப் பெரிய எண்ணாக விளம்பரம் செய்வது வழக்கமாயிற்று. வாங்குவோர் மயங்குவதைக் கண்ட அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு, தொடர்ச்சியாக வழங்கவல்ல வலுவையே கூறவேண்டும் என்ற விதியை 1974ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்திற்று. 2024ஆம் ஆண்டில் அவ்விதி மீண்டும் திருத்தி இறுக்கப்பட்டது. அத்தகைய விதி இல்லாத நாடுகளில் வாங்குவோரின் விழிப்பே காவல். எத்தனை ஓமில், எத்தனை பக்கங்கள் ஒருங்கே இயங்கும்போது, எவ்வளவு திரிபுடன் அளந்த எண் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கூறாத வாற்று, வெறும் மை.

உண்மையிலேயே கூடுதலான வலு வேண்டியவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறுத்தல் கூடாது. அறை பெரிதாக இருக்கலாம்; ஒலிபெருக்கியின் உணர்திறன் குறைந்திருக்கலாம்; இசையின் உச்சங்களில் விரியலாக்கி திணறி, அலையின் முடிகள் வெட்டுண்டு, ஒலி கரகரப்பாகலாம். அந்நிலையில் ஒலியை மேலும் மேலும் உயர்த்தினால் நுண்ணிய மேற்சுருதி ஒலிபெருக்கிக்குத் தாங்கவொண்ணாத வலு சென்று அதன் சுருள் கருகவும் கூடும். அவர்கள் முன்னே இரண்டு வழிகள் உள. ஒன்று, இருக்கும் கருவியை ஒத்த இரண்டாவது கருவியை வாங்கி, ஒவ்வொன்றையும் பாலமாகத் தொடுத்துப் பக்கத்துக்கு ஒன்றாக வைப்பது. மற்றது, இருப்பதை விற்றுவிட்டு, வலிமை மிக்க ஸ்டீரியோ விரியலாக்கி ஒன்றை வாங்குவது. ஒலிபெருக்கியின் மிகத் தாழ்ந்த தடங்கல் 6 ஓமுக்கு மேற்பட்டதாயும், கருவி 4 ஓமில் இயங்க உற்பத்தியாளரின் உறுதி பெற்றதாயும், இரண்டாவது கருவி மலிவாகக் கிடைப்பதாயும் இருந்தால் முதல் வழி தக்கது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் இரண்டாவது வழியே நன்று. ஒரு கருவிக்கு ஒரு நிலைமாற்றி, ஒரு மின்கம்பி, ஒரு பழுது பார்க்கும் செலவு என்பதும் குடும்பக் கணக்கிற் சேரவேண்டியதே.

வலுவைப் பெருக்குவதற்கு முன் நினைக்கவேண்டிய ஒன்று செவி. தொழிலிடங்களுக்கென அமெரிக்கச் சுகாதார ஆய்வாளர் வகுத்த அளவின்படி, 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்நேரம் பாதியாகும். 88இல் 4 மணி நேரம். 91இல் 2 மணி நேரம். 100இல் 15 நிமிடமே. பாலத் தொடுப்பு அளிக்கும் அந்த 6 டெசிபெல்லை முழுமையாகப் பயன்படுத்துபவர், செவிக்குரிய நேரத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்துக்கொள்கிறார். கருவி பழுதானால் வேறு வாங்கலாம். உட்செவியில் அழிந்த நுண்மயிர்க் கலங்கள் மீண்டும் முளைப்பதில்லை.

ஆகவே, விரியலாக்கி வாங்க எண்ணுவோர் முதலில் தம் ஒலிபெருக்கியின் கைநூலை எடுத்து, அதன் உணர்திறன், மிகத் தாழ்ந்த தடங்கல், தாங்கும் வலு ஆகிய மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். பின்னர் தாம் அமரும் இடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் உள்ள தூரத்தை அளக்கட்டும். இந்த நான்கு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்பவரிடம் நான்கு மடங்கு என்னும் சொல் செல்லாது. பெரும்பாலான இல்லங்களில் அக்கணக்கு, செம்மையாகச் செய்த ஸ்டீரியோ விரியலாக்கி ஒன்றையே சுட்டிக்காட்டும். பாலத்தைச் சுட்டிக்காட்டும் சில இடங்களில், அஞ்சாமல் அதனைத் தொடுக்கலாம். எதுவாயினும், விரலுக்குத் தக்க வீக்கம் என்ற முதுமொழி ஒலிபெருக்கிக்கும் பொருந்தும். எஞ்சிய பணத்துக்கு நல்ல இசைத்தட்டுகள் சில வாங்கினால், அவை ஆண்டுக்கணக்கில் இன்பம் தரும்.